ஏற்கப்படாத காணிக்கை

அந்தத் தெருவுக்கே அவள் பெரியக்கா. நாற்பது வருடமாகத் தையல் மெஷினே கதி என்று உட்கார்ந்து, அம்மா இல்லாத வீட்டில் தங்கையையும் தம்பியையும் ஆளாக்கியவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வேதக்கதை சொல்வாள். காயீன் கதை வந்தால் மட்டும் குரல் ஏறிவிடும். "இவனோடதை விட்டுட்டு தம்பியோட காணிக்கையை ஆண்டவர் ஏத்துக்கிட்டா இவனுக்கு ஏன் மூஞ்சி சுண்டுது? கொன்னும் போட்டுட்டு, தம்பி எங்கன்னு கேட்டா, நான் என்ன அவனுக்குக் காவலாளியாங்கறான். திமிரைப் பாரு!" என்று காயீனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனபோது, தன்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொல்லி முதலில் போய் நின்றவள் அவள்தான். தைக்க வந்த துணிகளைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பரிசோதனையில், அவளுக்கே தெரியாமல் இருந்த சர்க்கரை வெளியே வந்தது. சர்க்கரை இருந்தால் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். சின்னவளுடையது பொருந்தியது.

சின்னவள்! லேசாகத் தலை வலித்தாலே மூன்று நாள் படுத்துக்கொள்கிறவள். அவளுக்குப் போய் இந்தப் பாக்கியமா? கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிப் பிரசங்கம் செய்த போதகர், தம்பிக்காகத் தன் உடலையே பிட்டுக் கொடுக்கும் சகோதரி என்று சின்னவளைக் காட்டினார். சபையே திரும்பிப் பார்த்தது. பெரியக்கா வயிறு பற்றி எரிய, பாட்டுப் புத்தகத்தில் இல்லாத பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். அடுத்த வார வகுப்பில் காயீனைத் தாண்டி நேராக நோவாவிடம் போய்விட்டாள்.

அறுவை சிகிச்சை அன்று காலை, ஆஸ்பத்திரி அங்கியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த சின்னவள் பெரியக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, என்னால முடியலக்கா. கடைசி நிமிஷத்துலகூட வேண்டாம்னு சொல்லலாமாம். காரணத்தை யாருக்கும் சொல்ல மாட்டாங்களாம். சொல்லிடட்டுமா?"

பெரியக்காவின் மனம் துள்ளியது. மறைத்து என்ன, துள்ளத்தான் செய்தது. 'சரிடி' என்று ஒரு சொல் போதும். நாளையிலிருந்து இரண்டு பேருமே கொடுக்காதவர்கள்தான். ஆனால் அடுத்த அறையில் தம்பி வீங்கிய முகத்தோடு காத்திருந்தான். வேறு யாருடையதும் அவனுக்குப் பொருந்தவில்லை.

"உன்னைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குடி" என்றாள். வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. "போதகர் உன்னைப் புகழ்ந்தப்போ உன் முடியைப் பிடிச்சு இழுக்கணும்போல இருந்துச்சு. நான் குடுக்க வேண்டியதுடி அது. இப்பவும் என்னோடது போதும்னா ஓடிப்போய்ப் படுத்துக்குவேன்."

சின்னவள் வாயைப் பிளந்தாள். பிறகு அழுகையும் சிரிப்புமாக மூக்கைத் துடைத்தாள்.

"எல்லாரும் என்னைப் பாத்து ஐயோ பாவங்கறாங்க. நீ ஒருத்திதான்க்கா, நான் ஏதோ பரிசு வாங்கிட்ட மாதிரி முறைக்கிற." கட்டிலை விட்டு இறங்கினாள். "போ, உனக்கு விட்டுக்குடுக்க மாட்டேன்."

நர்ஸ் வந்தபோது அவளே முன்னால் நடந்தாள்.

மறுநாள் தம்பி கண் விழித்தான். முகத்தில் வீக்கம் வடிந்திருந்தது. பெரியக்கா ஆசையோடு குனிந்தாள்.

"சின்னக்கா எங்க?" என்று கேட்டான்.

அவளுக்குச் சுருக்கென்றது. இரண்டு நாளாக அவளும்தான் கண்ணை மூடவில்லை. அதைக் கேட்க ஆள் இல்லை. போர்வையை அவன் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"பக்கத்து ரூம்லதான் இருக்கா. நான் பாத்துக்கறேன்."