டபுள் அக்காவின் நிஜக் கணக்கு

அலுவலகத்தில் அவளுக்கு 'டபுள் அக்கா' என்று பெயர். சும்மா வந்த பெயரா அது? புது மென்பொருள் வேலை எது வந்தாலும், எத்தனை வாரம் பிடிக்கும் என்று கணித்துச் சொல்வது அவள் பொறுப்பு. நாலு வாரம் என்று மனசுக்குப் பட்டால் வாய் எட்டு என்று சொல்லும். மேலே இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பாதியை வெட்டுவார்கள். இந்தக் கூத்தில்தான் இத்தனை வருஷமும் வண்டி ஓடியது.

புதிதாக வந்த மேலாளர் வேறு மாதிரி. "அக்கா, எங்கிட்ட உண்மையச் சொல்லுங்க. ஒரு நாள்கூட குறைக்க மாட்டேன்" என்றார்.

அவளுக்கும் இந்த முறை உண்மைதான் வேண்டியிருந்தது. அடுத்த மாதம் தங்கைக்குப் பிரசவம். தாயில்லாப் பெண்; "நீ பக்கத்துல இருக்கணும்க்கா" என்று அழுதிருந்தாள். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, சோதனை பார்ப்பவர்களையும் கேட்டு, தன் இரண்டு வார விடுப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டாள். எட்டு வாரம். ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்கவில்லை.

மறுநாள் மேலாளர் முகம் தொங்கிப் போய் வந்தார். "நான் குறைக்கலக்கா. கம்பெனிப் பெரியவர் உங்க பேரைப் பார்த்ததுமே, 'டபுள் அக்கா கணக்கா? அப்ப நாலு'ன்னு வாடிக்கையாளர் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டாரு."

"நிஜக் கணக்குன்னு சொல்லலையா?"

"சொன்னேன். எப்பவும் அப்படித்தானே சொல்வாங்கன்னு சிரிச்சாரு."

நாலு வாரத்தில் விடுப்பாவது, மண்ணாங்கட்டியாவது! பத்திக்கொண்டு வந்தது அவளுக்கு. பெரியவரைத் திட்டினாள், மேலாளரைத் திட்டினாள். "வாயத் திறந்து நிஜத்தச் சொன்னேன் பாரு, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்று தன்னையும் திட்டிக்கொண்டாள். மாடிப்படியில் உட்கார்ந்து தங்கையைக் கூப்பிட்டாள்.

"குழந்தை பொறக்கறப்ப வர முடியாதுடி. ஒரே வாரம் தள்ளி வந்துடறேன்."

"ஒரு வாரம்னா ரெண்டு வாரம். எனக்குத் தெரியாதாக்கா?" தங்கை குரலில் கோபமே இல்லை. "நீ வரமாட்டேன்னு தெரிஞ்சுதான் மாடி வீட்டு அக்காகிட்ட அப்பவே சொல்லி வச்சேன். ஆஸ்பத்திரியில அவங்க கூட இருப்பாங்க."

"இல்லடி, இந்தத் தடவை சத்தியமா ஒரு வாரம்தான்."

"எப்பவும் அப்படித்தானேக்கா சொல்லுவ" என்று தங்கை சிரித்தாள்.