செல்வநாயகி மகன் மேல் கட்டிய பிராது

செல்வநாயகியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றால் அவள் சிரிப்பாள். "என்னெப் பத்தி எழுத என்னாடி இருக்குது? பொம்மை தொடைக்கிறவ" என்பாள். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறை ஈரப் பஞ்சால் துடைத்தே பாதி ஆயுளைக் கழித்தவர்கள். ஆனாலும் அவள் பெயரைக் கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவள் அப்பாவின் டி.வி.எஸ். வண்டிதான்.

அப்போது எங்களுக்குப் பதினைந்து வயது. முந்திரிக் கொல்லையில் கொட்டை பொறுக்குகிறவர்களுக்கு மதியச் சோறு கொண்டுபோவது எங்கள் வேலை. அவள் ஓட்டுவாள், தூக்குச்சட்டியோடு நான் பின்னால். செம்மண் தடத்தின் மேல் கிளைகள் தாழ்ந்து கிடக்கும். "குனிடி!" என்று கத்துவாள், பிரேக்கை மட்டும் தொட மாட்டாள். பாதிக் குழம்பு என் பாவாடையில்தான் போய்ச் சேரும். தலைக்கு ஹெல்மெட்டா, அதெல்லாம் சினிமாவில் பார்த்ததுதான். எங்கள் தலையில் கனகாம்பரம் இருந்தது. பொட்டப்புள்ளைக்கு வண்டி எதற்கு என்று ஊரே வாயில் போட்டு மென்றது. அவள் காதில் வாங்கினால்தானே! வாழ்க்கையில் நாங்கள் அப்படிச் சிரித்தது அதற்கப்புறம் கிடையாது.

பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆனது. புருஷன் அர்ச்சுனன் லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் ரோட்டில். ஒரே மகன் மதிவாணன். தன் வண்டிக் கதைகளைச் சொல்லித்தான் அவனுக்குச் சோறு ஊட்டினாள். கேட்டு வளர்ந்தவன் சும்மா இருப்பானா? பதினேழு வயதில் ஒரு பழைய பைக்கைப் பிடித்து, மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு, சேக்காளிகளோடு முந்திரிக் கொல்லையில் ரேஸ் விட ஆரம்பித்தான். இப்போது அவன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். சாயங்காலத்தில் கொல்லைப் பக்கம் சத்தமே இல்லை. அன்றைக்குக் காதைப் பொத்திக்கொண்ட நான்தான் இன்றைக்கு அந்தச் சத்தத்துக்கு ஏங்குகிறேன்.

ரேஸ் விட்ட காலத்திலேயே அர்ச்சுனன் மகனுக்கு நல்ல ஹெல்மெட் ஒன்று வாங்கி வந்திருந்தார். அதை அவன் டவுனுக்குள் பாலக்கரையில் நிற்கும் போலீசுக்காக மட்டும் போடுவான். தார் ரோடு முடிந்து மண் தடம் வந்ததும் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிடுவான். அவன் மட்டுமில்லை, எல்லாப் பையன்களும் அப்படித்தான். முந்திரி சீசனில் அதில் கொட்டை பொறுக்கிப் போடுவார்கள். செல்வநாயகி சத்தம் போட்டால் பதில் தயாராக இருக்கும்.

"கொல்லையில போலீசா நிக்குது? நீ என்னாத்தம்மா போட்டுக்கிட்டு ஓட்டுன?"

அவள் முந்தானையை உதறிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

நல்லூர்ப் பக்கம் ஒரு பையன் அப்படித்தான் வெறுந்தலையோடு போய் மரத்தில் மோதினான். உயிர் பிழைத்தான், ஆனால் பெற்றவளை அடையாளம் தெரியவில்லை. செல்வநாயகி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "அவங்கம்மா கஞ்சி ஊட்டுறாங்கடி. அவன் யாரோ எவரோன்னு பாக்குறான்" என்றாள். மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு மணவாளநல்லூருக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். யார் மேல் என்ன குறை என்று தாளில் எழுதி, பூஜையில் வைத்து, முனியப்பர் எதிரே சூலத்தில் கட்டிவிட்டு வந்தால் சாமி விசாரிக்கும். குறை தீர்ந்ததும் போய் வாபஸ் வாங்க வேண்டும். பங்காளி மேல் கட்டுவார்கள், திருடன் மேல் கட்டுவார்கள். இவள் பெற்ற மகன் மேலேயே கட்டினாள். "எம்மவன் மதிவாணன் ஹெல்மெட்டு போட மாட்டேங்குறான். நான் சொன்னா கேக்கல. நீயே கேளு" என்று எழுதினாள். வேண்டாமென்றால் கேட்கிற ஜன்மமா அது?

திரும்பி வரும்போது தெம்பாக இருந்தாள். மறுநாள் கம்பெனியில் பஞ்சும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏன்டி, சாமி எப்படிடி கேக்கும்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"கீழ தள்ளி வுட்டுக் கேட்டுச்சின்னா?"

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. குறை தீராமல் வாபஸ் வாங்கினால் அது வேறு சாமிக் குத்தம் என்று பயந்தாள். வேறு வழியில்லாமல் அழுதுகொண்டே மகனிடம் சொல்லிவிட்டாள்.

"யாராவது பெத்த புள்ள மேல பிராது கட்டுவாங்களாம்மா?" என்று கேட்டான் மதிவாணன். அம்மா எவ்வளவு கத்தியும் அசையாதவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அன்றிலிருந்து கொல்லையிலும் ஹெல்மெட் ஏறியது. பையன்கள் "கேசு வருதுடா" என்று அவனைக் கேலி செய்தார்கள். பொறுத்துக்கொண்டான்.

அவளுக்குத்தான் நிம்மதி போனது. வாபஸ் வாங்கினால் மகன் கழற்றிவிடுவான், வாங்காவிட்டால் சாமி கேட்டுவிடும். இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள்.

ஒரு மழை நாளில் கம்பெனிக்குப் போன் வந்தது. மண் எடுத்த பள்ளத்தில் வண்டி சறுக்கி, மதிவாணன் பாறையில் போய் விழுந்திருந்தான். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது. ஹெல்மெட் நெற்றிப் பக்கம் இரண்டாகப் பிளந்திருந்தது. அவன் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். "அழுவாதம்மா" என்றான்.

அவள் பிளந்த ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, "நான்தான்டி எம்புள்ளயத் தள்ளி வுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்கு வந்ததே கோபம். "அடிப் பைத்தியக்காரி, இத மாட்ட வெச்சதும் நீதான்டி!" என்று கத்தினேன். அவள் காதில் ஏறவில்லை.

எழுந்து நடமாட ஆரம்பித்ததும் அவனையும் கூட்டிக்கொண்டு மூவரும் கோயிலுக்குப் போனோம். வாசலில் அவன் நின்றுவிட்டான்.

"வாபஸ் வேணாம்மா. அது அங்கியே கெடக்கட்டும். இல்லன்னா நான் மறுபடியும் கழட்டிடுவேன்."

"எம்புள்ள பேரு அங்க தொங்க வேணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வாபஸ் வாங்கிக்கொண்டு வந்து, பஸ் நிறுத்தத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இனிமே உன்னெக் கேக்கச் சாமியும் இல்ல, போலீசும் இல்லடா. நான் ஒருத்திதான்."

"சாமிகிட்ட வாய்தா வாங்கலாம்மா. ஒங்கிட்ட முடியுமா?" என்றான்.

அவள் அவன் தலைமுடிக்குள் விரலை விட்டு, உச்சியிலிருந்து பிடரிவரை தடவிக்கொண்டே இருந்தாள். காலேஜ் பெண்கள் நாலு பேர் பார்த்துச் சிரித்தார்கள். அவன் அம்மாவின் கையைத் தட்டிவிடவில்லை.