புகைவீட்டுக்குப் போன கிளிக்கப்பல்

ரப்பர் தோட்டத்தில் இருப்பவனுக்குக் கப்பலோடு என்ன வேலை? கேகாலைக்குப் பக்கத்தில், கடலைப் பார்க்க வேண்டுமானால் ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்ய வேண்டிய மலைச்சரிவில், நான் ஆபீஸ் கிளாக்கராக இருந்தேன். பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் துரைக்குப் பாய்க்கப்பல் பைத்தியம். அந்தப் பைத்தியத்தின் பாரம் முழுவதும் என் டைப்ரைட்டர் மேல் விழுந்தது.

கொழும்பு முகத்துவாரத்துச் சேற்றில் ஒரு பழைய பாய்க்கப்பல் பாதி மூழ்கிக் கிடந்தது. ஒரு காலத்தில் தூத்துக்குடியிலிருந்து அரிசியும் ஆட்களும் ஏற்றி வந்த கப்பல். பின்பக்கத்தில் பெரிய மரக்கிளி ஒன்று செதுக்கியிருந்ததால், அதில் வந்தவர்கள் அதைக் கிளிக்கப்பல் என்றே சொன்னார்கள். ஸ்டீமர் வந்த பிறகு அதை யாரும் சீந்தவில்லை. பாய்மரத்தை வெட்டிவிட்டுக் கரி ஏற்றினார்கள். அதுவும் முடியாமல் போனபோது அப்படியே அமிழ விட்டுவிட்டார்கள். இப்போது அதை உடைத்து விறகாக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் துரைக்குத் தூக்கம் போயிற்று. இந்த மாதிரிக் கப்பல்கள் இனி நாலைந்துதான் மிச்சம், ஒன்றையாவது முழுசாக வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று கொழும்பில் உள்ள பெரிய மனிதர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். டைப் அடித்தவன் நான். வந்த பதில் எல்லாம் ஒரே மாதிரி: மிகவும் நல்ல யோசனை, வேறு யாரையாவது கேட்டுப் பாருங்கள். கடைசியில் உடைக்கிறவன் பெரிய மனசு வைத்துக் கிளியை மட்டும் அறுத்துத் தர ஒப்புக்கொண்டான்.

இதையெல்லாம் ஒரு நாள் வீட்டில் சொல்லி அலுத்துக்கொண்டேன். அடுப்படியில் இருந்த அம்மா எழுந்து வந்தாள்.

"கிளி போட்ட கப்பலா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"நான் அதுலதாம்ப்பா வந்தேன்."

எனக்கு முன்னால் ஒரு அக்கா பிறந்து இறந்துபோனாள் என்று தெரியும். எங்கே, எப்படி என்று தெரியாது. மூன்று வயதுப் பிள்ளை. கப்பலில் காய்ச்சல் கண்டு, கரை சேர்வதற்குள் போய்விட்டாளாம். துணியில் சுற்றிக் கடலில் விட்டுவிட்டார்களாம். அம்மா அழாமல்தான் சொன்னாள்.

"ஏறும்போது அந்தக் கிளியப் பாத்துப் பாத்துச் சிரிச்சா. வெளக்கு ஏத்த ஒரு மண்மேடு கூட இல்ல அவளுக்கு. அந்தக் கிளிய ஒருக்கா தொட்டுப் பாத்துட்டா எனக்குப் போதும்."

"வரட்டும், காட்டுறேன்" என்றேன்.

வந்தது. எப்போது வந்தது? துரை நுவரெலியாவுக்கு லீவில் போயிருந்தபோது. போகும்போது, கிளியில் ஒரு கீறல் விழுந்தாலும் என் தோலை உரித்துவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். ரம்புக்கனை ஸ்டேஷனிலிருந்து ஒரு சிங்கள வண்டிக்காரர் அதை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார். சுற்றியிருந்த சாக்கெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வழியில் ஓடையைக் கண்ட இடமெல்லாம் நிறுத்தி, தகரத்தில் மொண்டு ஊற்றிக்கொண்டே வந்தாராம். "வத்துர ஓனே, மாத்தயா, வத்துர ஓனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தண்ணீர் வேண்டுமாம்! துரையின் பொருளை நனைத்துக் கெடுத்துவிட்டு எனக்கே பாடம் சொல்கிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பினேன்.

சாக்கைப் பிரித்தால் கிளி முழுசாக இருந்தது. மூக்கு, கழுத்து வளையம், இறக்கையில் ஒவ்வொரு தூவியும் இருந்தன. ஆனால் பிழிந்தால் தண்ணீர் வரும் போலிருந்தது. ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைக்கும் புகைவீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"ஈரமா வச்சா புழுத்துப் போகுங்க, கிளாக்கரையா. அஞ்சு நாள் புகையில போட்டா கல்லு மாதிரி ஆயிருங்க" என்றார்.

அவர் மேல் குற்றமில்லை. ரப்பர் ஷீட் இரண்டு நாள் ஈரமாகக் கிடந்தால் பூசணம் பிடிக்கும். புகையில் தொங்கவிட்டால் பொன்னிறமாகி எத்தனை தூரமும் போகும். ஒரு பொருளைக் காப்பாற்ற எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். "போடுங்க" என்று சொன்னவன் நான்.

அன்று சாயங்காலம் அம்மா கேட்டாள்: "இப்பப் பாக்கலாமா?"

"சேறும் சகதியுமா கெடக்கு. காயட்டும், தொடச்சு நல்லாக் காட்டுறேன்."

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். எனக்கு ஆபீசில் மாசக் கடைசி வேலை தலைக்கு மேல் கிடந்தது.

"அது எங்கயும் பறந்து போயிராதும்மா, சும்மா இரு" என்று எரிந்து விழுந்தேன்.

மூன்றாம் நாள் புகைவீட்டுக்குள் பட்டாசு வெடித்த மாதிரிச் சத்தம் கேட்டது. ஓடிப்போய் வெளியே இழுத்தோம். கழுத்திலிருந்து வால் வரை கை நுழைகிற அளவுக்குப் பிளந்திருந்தது. மூக்கு தனியாக விழுந்தது. இறக்கைத் தூவிகள் சுருண்டு, தொட்டால் பொடியாக உதிர்ந்தன. "நம்ம ஷீட்டு ஒரு நாளும் இப்பிடி வெடிச்சதில்லீங்களே" என்றார் புகைவீட்டுக்காரர். எனக்கு அவரை அறையலாமா, என்னையே அறைந்துகொள்ளலாமா என்று இருந்தது. வருஷக்கணக்காகத் தண்ணீரில் ஊறிய மரத்தை ஈரச்சாக்குக்குள் வைத்து மாதக்கணக்கில் மெதுவாகத்தான் காய வைக்க வேண்டுமாம். பிறகு ஒரு தச்சர் சொன்னார். அந்த வண்டிக்காரர் ஒருவருக்குத்தான் விஷயம் தெரிந்திருந்தது. துரை திரும்பி வந்து என்னைப் பேசிய பேச்சை எழுத இந்தத் தாள் தாங்காது.

கிளி வெடித்த அன்று மத்தியானமே செய்தி கேட்டு அம்மா புகைவீட்டுக்கு வந்துவிட்டாள். துண்டுகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். நான் துரையைத் திட்டினேன், கப்பலை உடைத்தவனைத் திட்டினேன், ரயில்காரனைத் திட்டினேன்.

"எதுக்குப்பா கத்துற?" என்றாள். "வந்த அன்னிக்கே காட்டியிருந்தீன்னா முழுசாப் பாத்திருப்பேன்ல."

அம்மா கிளி மூக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெயரைச் சொன்னாள். இன்னொரு தடவையும் மெதுவாகச் சொன்னாள். அது யார் என்று கேட்க வாய் திறந்தவன், புரிந்ததும் மூடிக்கொண்டேன். முப்பத்தைந்து வயதாகியும் என் அக்காவின் பெயர் என்ன என்று நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.