டயர் டாக்டரும் ஒரு வரியும்

பஸ்ஸின் முன் டயரை இரும்புக் கம்பியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் காது கொடுக்கிறார் அந்த டிரைவர். ‘டங்’ என்று கேட்டால் காற்று சரி. ‘தொப்’ என்றால் குறைச்சல். அப்புறம் அடுத்த டயர். பின்பக்கம் நான்கையும் சேர்த்து ஆறும் முடிந்த பிறகுதான் ஏறி உட்காருவார். வண்டி போகப் போவதோ அறுபது அடி தள்ளியிருக்கும் கழுவுமிடத்துக்கு. பணிமனை முழுக்க அவருக்கு ‘டயர் டாக்டர்’ என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

நான்கு வருடம் முன்பு வரை தூர வண்டி ஓட்டினார். காலையில் கிளம்பினால் ஏழு மணி நேரம். ஐந்தாவது மணியில் ஒரு மேடேறித் திரும்பினால் சொல்லாமல் கொள்ளாமல் கடல் வந்து நிற்கும். “எத்தனை தடவை பார்த்தாலும் அந்த எடத்துல கால் தானா ஆக்சிலரேட்டரை விட்டுடும்” என்பார்.

வருடாந்தரப் பரிசோதனை ஒன்றில் இரண்டாம் வகை நீரிழிவு என்று அவருடைய மருத்துவக் கோப்பில் ஒரு வரி விழுந்தது. மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஓட்டும்போது மயக்கம் வந்துவிட்டால்? விதி விதிதான். தூர வண்டியை வாங்கிக்கொண்டு, பணிமனைக்குள்ளேயே வண்டி நகர்த்தும் யார்டு டிரைவர் ஆக்கிவிட்டார்கள். கழுவ ஒரு ஓட்டம், டீசல் போட ஒரு ஓட்டம், வரிசையில் நிறுத்த ஒரு ஓட்டம். “அம்பது பேரைத் தூங்க வச்சுக் கூட்டிட்டுப் போனவன், இப்ப காலி சீட்டுக்கு டிரைவர்” என்று சிரிப்பார். சொல்லிவிட்டு, துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்துக்கொண்டிருப்பார். ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருக்கிறது. அதற்குள் ஒரு தடவையாவது அந்தத் திருப்பத்தில் திரும்பிவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் அவர் வெளியில் சொன்னதில்லை.

மனிதர் சும்மா இருக்கவில்லை. வண்டிகள் கழுவி முடிகிற நேரமெல்லாம் யார்டைச் சுற்றி நடந்தார். டீயில் சர்க்கரையை விட்டார். பிறகு டீக்கடைப் பக்கம் போவதையே விட்டார். அவர் மனைவிக்குப் பார்சல் அலுவலகத்தில் எடை போடும் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்சல் தராசில் ஏற்றி நிறுத்துவார். “ஆடாம நில்லுங்க. வீட்டு மெஷின் உங்களுக்குப் பயந்துக்கிட்டு கொறைச்சுக் காட்டும், இது யாருக்கும் பயப்படாது.” ஒன்றரை வருடத்தில் பத்தொன்பது கிலோ இறங்கியது. பெல்ட்டில் ஆணியடித்து மூன்று புது ஓட்டை போட்டார். புது பெல்ட் வாங்கித் தருகிறேன் என்றாலும் கேட்பதில்லை; பழசில்தான் கணக்குத் தெரிகிறதாம்.

மருத்துவரே மாத்திரையை நிறுத்தச் சொல்லி ஒரு வருடம் ஆயிற்று. சோதனைகள் தொடர்ந்து நல்லபடி வந்தன. அந்தக் குஷியில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளம்பினார். பழக்க தோஷம், பணிமனைப் பாணியிலேயே எழுதியிருந்தார்: ‘பழுது: சர்க்கரை. நிலை: சரியாகிவிட்டது. கோப்பிலிருந்து வரியை நீக்கித் தரவும்.’

மருத்துவர் படித்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“வரியை எடுக்க முடியாதுங்க. தப்பா எழுதியிருந்தா திருத்தலாம். அன்னைக்கு உங்களுக்கு இருந்தது நிஜம்தானே?”

“இப்ப இல்லையே, டாக்டரம்மா.”

“இப்ப தணிஞ்சிருக்கு. பெரிய விஷயம், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா திரும்பி வரலாம். கண்ணு, காலு, கிட்னி எல்லாம் வருஷா வருஷம் பார்க்கணும். நாளைக்கு நான் இல்லாம வேற டாக்டர் பார்த்தா அவருக்குத் தெரிய வேணாமா? வேணும்னா கீழ எழுதித் தரேன். நோய் தணிஞ்ச நிலை, மாத்திரை இல்லைன்னு.”

“கீழ எழுதுறதெல்லாம் வேணாம். மேல இருக்கிறது போகணும். சரியாயிடுச்சுல்ல, அப்புறம் எதுக்கு அது அங்க இருக்கணும்?”

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வந்துவிட்டார். அந்த ஞாயிறு தராசுப் பக்கம் போகவில்லை. மனைவி இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, “மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கிறதுலயே ரெண்டு கிலோ ஏறியிருக்கும்” என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனார்.

அடுத்த வாரம் நடந்ததைப் பணிமனையில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கழுவுவதற்காக ஒரு வண்டியை எடுத்தவர், பிரேக்கில் காலை வைத்ததும் முகம் மாறினார். மிதி கொஞ்சம் ஆழமாகப் போயிற்று. அந்த வண்டியின் பழுது நோட்டைப் புரட்டினார். ஓட்டுநர்கள் கண்ட குறையை எழுதி வைக்கும் நோட்டு அது; அடுத்து வண்டி எடுக்கிறவர் முதலில் அதைத்தான் பார்ப்பார். பிரேக் பற்றி ஒரு எழுத்து இல்லை. பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு வரி மேல் வெள்ளை மை பூசியிருந்தது; அடியில் ‘பிரேக்’ என்று மங்கலாகத் தெரிந்தது.

நேராக மெக்கானிக்கிடம் போனார். இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ள உரிமை உள்ளவர்கள்.

“பிரேக்குன்னு எழுதியிருந்ததை அழிச்சது நீதானே?”

“ஆமா, போன வாரமே லைனிங் மாத்திட்டேன். நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன், நோட்டு சுத்தமா இருக்கட்டுமேன்னு…”

“சுத்தமா இருக்கட்டுமா! மிதி மறுபடி எறங்குதுடா. சரி பண்ணினா கீழ எழுது, தேதி போடு, கையெழுத்துப் போடு. மேல இருக்கிறதைத் தொடாதே. ஒரு தடவை வந்த எடம்னு தெரிஞ்சாத்தானே ஓட்டுறவன் உஷாரா இருப்பான்?”

மெக்கானிக்குக்கும் ரோஷம் வந்துவிட்டது. “சரி பண்ணிட்டேன்ல, அப்புறம் எதுக்குய்யா அது அங்க இருக்கணும்?”

பதில் சொல்ல வாயைத் திறந்தார் டயர் டாக்டர். கை தன்னாலே, நான்காக மடித்த அந்தத் தாள் இருந்த சட்டைப் பைக்குப் போயிற்று. சுற்றி நின்றவர்கள் நெஞ்சுவலியோ என்று பயந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார்கள். அவர் உட்காரவில்லை. காது மடல் வரை சிவந்து, “நோட்டுல எழுதிடு” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

மறுநாளே மருத்துவமனை வரிசையில் முதல் ஆளாக நின்றார். “டாக்டரம்மா, கீழயே எழுதிடுங்க.” மருத்துவர் எழுத எழுத மேசைமேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “தேதி போடுங்க… கையெழுத்து? அதையும் போட்டுடுங்க.” மேல் வரியை யாரும் தொடவில்லை என்று விரல் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் எழுந்தார்.

அந்தக் கடிதத்துடன் பணிமனை மருத்துவ அதிகாரிக்கு விண்ணப்பம் போயிற்று. ஐந்து வாரம் பதில் இல்லை. அந்த ஐந்து வாரமும் அவர் வீட்டில் யாரும் கடலைப் பற்றிப் பேசவில்லை. பிறகு வந்தது: பகல் வண்டி மட்டும், ஆறு மாதத்துக்கு அனுமதி, சோதனை பார்த்து நீட்டிப்பு. மனைவி படித்துக் காட்டினார். இவர் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை காலை. தூர வண்டியில் ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அவர் பழுது நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்து முடித்துவிட்டு, கம்பியோடு கீழே இறங்கினார். முன்னால் இரண்டு, பின்னால் நான்கு. டங், டங். ஆறாவது டயரும் முடிந்தது. கதவருகே வந்து கம்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வலது செருப்பைக் கழற்றி, டாக்டரம்மா பார்க்கச் சொன்ன பாதத்தைப் படிமேல் தூக்கி வைத்து, குனிந்து, விரல் முட்டியால் அதையும் இரண்டு தட்டுத் தட்டித் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்.