ஃபிளெக்ஸிபிள் வயரால் கட்டப்பட்டது

"...குளியலறைக் கதவு, ஃபிளெக்ஸிபிள் வயர். சாப்பாட்டு வண்டி, ஃபிளெக்ஸிபிள் வயர். தோட்டத்து கேட், அதுவும் ஃபிளெக்ஸிபிள் வயர்! இந்த இல்லத்தில் வயரால் கட்டாமல் விட்டது என்னை மட்டும்தானா?" என்று என் வேலை அறிக்கையிலிருந்து தலை தூக்கினார் ஜேனட்.

"உங்களுக்குத் தேவைப்படாது மேடம், நன்றாகத்தான் இருக்கிறீர்கள்" என்று பணிவாகச் சொன்னேன். அது கேள்வி இல்லையாம்.

இங்கிலாந்தில் நான் கட்டடப் பராமரிப்பு வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்கு அவர்தான் மேலாளர். அன்றோடு என் தகுதிகாண் காலம் முடிகிறது. அவர் கையெழுத்துப் போட்டால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டிக்கெட் போட வேண்டியதுதான்.

ராஜபாளையத்தில் மில் ஃபிட்டராக இருந்தபோது கட்டுக்கம்பி இல்லாமல் நான் வெளியே இறங்கியதில்லை. "ஏலே, ஆண்டவன் அரைகுறையா விட்டதக் கட்டுக்கம்பிதாம்லே முடிச்சு வைக்கும்" என்பார் எங்கள் தலைமை ஃபிட்டர் குருசாமி அண்ணாச்சி. சேத்தூர் பஸ்ஸின் சைலன்சரிலிருந்து கல்யாணப் பந்தல் வளைவுவரை அதன் தயவில்தான் நின்றன. ஆனால் அதை யாரும் எழுதி வைப்பதில்லை. "சரியாயிருச்சு சார்" என்றால் முடிந்தது. இங்கே எல்லாவற்றையும் எழுத வேண்டும், அதுவும் இங்கிலீஷில். கடையில் கம்பிச் சுருளின் அட்டையில் 'ஃபிளெக்ஸிபிள் வயர்' என்று பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. கட்டுக்கம்பிக்குக் கோட்டு சூட்டு மாட்டிய மாதிரி இருந்தது. ஆசை ஆசையாக எல்லா வரியிலும் எழுதினேன். போனில் பெருமையாகச் சொன்னபோது என் மனைவி, "கம்பி கட்டுததுக்கா இம்புட்டு தூரம் போனீய?" என்றாள்.

கட்டிவிட்டால் நமக்கு வேலை முடிந்தது. இவர்களுக்கோ, வயர் என்று எழுதினாலே வேலை இன்னும் முடியவில்லை, புதுச் சாமான் வரவேண்டும் என்று பொருள். அது எனக்குத் தெரியாது.

"முதலில் கேட்டில் இருப்பதை எடுங்கள். புதுத் தாழ்ப்பாள் வரும்" என்று தோட்டத்துக்கு நடந்தார் ஜேனட்.

"எப்போது மேடம்?"

"ஆறு வாரத்தில்."

வெட்டி எடுத்தேன். அடித்த காற்றில் கேட் உள்ளேயும் நிற்கவில்லை, வெளியேயும் நிற்கவில்லை. என் நிலைமையைப் போலவே போய்ப் போய் வந்தது. ஜன்னலோரம் இருந்த பாட்டிமார் கை தட்டினார்கள். ஜேனட் கொஞ்ச நேரம் இடுப்பால் முட்டுக்கொடுத்துப் பார்த்தார். பொறவு என்னிடம் கை நீட்டினார். கம்பியைக் கொடுத்தேன். அவரே சுற்றி முறுக்கினார். திரும்பினால் அவர் ஸ்வெட்டர் அந்தக் கம்பியின் முனையில் மாட்டிக்கொண்டது. கேட்டோடு கேட்டாக நின்றார்.

விடுவித்துவிட்டு, அண்ணாச்சி சொல்வதை என் இங்கிலீஷில் சொன்னேன்: "முனையை உள்ளே மடக்க வேண்டும் மேடம். ஒரு சேலை கிழிந்தால் ஒரு தெருவே சண்டைக்கு வந்துவிடும்."

கண்ணுக்கெட்டிய தூரம்வரை சேலை எதுவும் இல்லை. இருந்தும் சாலையை இருபுறமும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். கட்டைவிரலால் முனையை உள்ளே மடக்கினார். கக்கத்திலிருந்த என் தகுதிகாண் காகிதத்தை அந்த கேட்டின் மேலேயே வைத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டார். கேட் ஆடவில்லை.