கொட்டகைக் கதவில் ஒட்டிய களிமண்

ரேமண்டின் மனைவி மருத்துவமனையில் கிடந்த குளிர்காலத்தில், மேட்டிலிருந்த அவருடைய தோட்டத் துண்டை எட்டிப் பார்க்க ஆளில்லை. ஒரு நாள் ரேமண்ட் மனசு கேளாமல் போய்ப் பார்த்தார். நிலம் முழுக்கக் குதிரை எரு பரப்பி, மழை எருவைக் கரைக்காமல் அதன்மேல் பழைய கம்பளம் விரித்து, காற்றில் பறக்காமல் மூலைக்கு மூலை செங்கல் வைத்திருந்தது. யாரைக் கேட்டாலும் தெரியாது என்றார்கள். சேற்றில் ஒரு தள்ளுவண்டியின் தடம் மட்டும் வளைந்து வளைந்து போய், பக்கத்துத் துண்டுக்காரம்மா ஹெட்டி சக்டனின் கொட்டகை வாசலில் நின்றது. சக்கரம் ஆடுகிற வண்டி அவரிடம்தான் இருந்தது. ரேமண்ட் இஞ்சிக் கேக் ஒரு துண்டைத் தாளில் சுற்றி அந்த வண்டியில் வைத்துவிட்டு வந்தார். ஹெட்டி கேக்கைச் சாப்பிட்டுவிட்டார்.

எங்கள் ஹாலிஃபேக்ஸ் ஊரின் கம்பளி ஆலையில் உழைத்து ஓய்ந்தவர் ஹெட்டி. குடியிருந்தது அடுக்குமாடியின் உச்சியில். பூந்தொட்டி வைக்கவும் இடமில்லாத வீடு. ஊர்க் கவுன்சிலிடம் வாடகைக்கு எடுத்த அந்தத் துண்டுதான் அவருக்கு இந்தப் பூமியில் இருந்த மண்.

எங்கள் தோட்ட மேட்டில் பெரிய வெள்ளியன்று உருளைக்கிழங்கு நட வேண்டும். கர்த்தர் சிலுவையில் தொங்கிய நாளில் பிசாசுக்கு மண்மேல் அதிகாரமில்லை என்று அந்தக் காலத்திலிருந்தே வழக்கம். அதற்குள் கொத்திப் போடாத துண்டைக் கைவிட்ட துண்டு என்று தோட்டக் கமிட்டி எடுத்துக்கொள்ளும்.

அந்த வருஷம் பெரிய வெள்ளி மார்ச்சிலேயே வந்துவிட்டது. மழையோ விட்டபாடில்லை. ஆனாலும் எல்லோரும் முழங்கால் சேற்றில் நின்று கொத்தினார்கள். ரேமண்டும் கொத்தினார். ஹெட்டி மட்டும் தன் துண்டில் விரித்திருந்த கம்பளத்தை விலக்கவில்லை.

கமிட்டிச் செயலாளர் கிளிஃபோர்டு வந்து வேலியோரம் நின்றார். முன்பு பஸ் ஓட்டியவர். இன்னும் அதே தொப்பி, அதே உரத்த குரல்.

"என்ன கண்ணு, துண்டுக்குக் கம்பளம் போத்தித் தூங்க வச்சிட்டியா?"

ஹெட்டி ஒரு பிடி மண்ணை எடுத்தார், உருட்டினார், கொட்டகைக் கதவில் ஓங்கி எறிந்தார். சப்பென்று ஒட்டிக்கொண்டது.

"பாத்தியா? கீழ விழுந்து உதிரட்டும், அப்பறம் கொத்தறேன். இப்ப மிதிச்சா இந்தக் களிமண் கோடைல செங்கல்லாயிரும்."

"பெரிய வெள்ளி உனக்காகக் காத்திருக்காது ஹெட்டி."

"பெரிய வெள்ளிக்கு நான் சேப்பலுக்குப் போறேன். கர்த்தர் மனுஷனுக்காகச் செத்தாரு. உருளைக்கிழங்குக்கு நாள் குறிச்சுக் குடுக்க இல்ல."

கிளிஃபோர்டு குரலைத் தாழ்த்தினார். "பாதையோரமா ஒரே ஒரு வரிசை கொத்திடு. ஒப்புக்குத்தான். உள்ள எவனும் எட்டிப் பாக்க மாட்டான். நான் பாத்துக்கறேன்."

"ஒப்புக்கு மண்ண மிதிக்கறதா? நீ வேணா உன் தொப்பிய மிதி."

பெரிய வெள்ளி போனது. கம்பளம் அப்படியே கிடந்தது. தகரக் கூடத்தில் துண்டுக்காரர்கள் எல்லோரையும் வைத்துக் கமிட்டி கூடியது.

"அந்தம்மா மண்ணக் கைவிடல, காப்பாத்துது. அதுக்கு இதவிட்டா வேற எடமும் இல்ல" என்று ரேமண்ட் எழுந்து சொன்னார்.

"வழக்கம் வழக்கம்தான்" என்றார்கள். ஹெட்டியின் பக்கம் உயர்ந்தது ரேமண்டின் கை ஒன்றுதான். ஏப்ரல் முடிவில் துண்டை ஒப்படைக்கச் சொல்லி ஆயிற்று.

அதற்குப் பிறகும் ஹெட்டி தினமும் வந்தார். கதவில் ஒரு உருண்டை எறிவார். ஒட்டும். தேநீர் குடித்துவிட்டு, பஸ் பிடித்துப் போய்விடுவார். வெயில் தலைகாட்டிய ஒரு நாள், எறிந்த உருண்டை கதவில் பட்டுப் பொலபொலவென்று உதிர்ந்தது. அன்றே கம்பளத்தைச் சுருட்டினார். பலகை போட்டு அதன்மேல் நின்று கொத்தினார். புல்வேரை விரலால் பொறுக்கினார், எருவைக் கலந்தார், மண்ணை மாவு மாதிரி ஆக்கிச் சமப்படுத்தினார்.

கிளிஃபோர்டுக்குப் பொறுக்கவில்லை. "போகப் போற. யாருக்காக இந்தப் பாடு?"

"உன் கமிட்டிக்காக இல்ல, பயப்படாத. மண்ணு என்னடா தப்பு பண்ணுச்சு?"

பின்னால் கோடையில் கிளிஃபோர்டின் உருளைக்கிழங்கு ஏதோ விளையத்தான் செய்தது. பொய் சொல்லக் கூடாது. ரேமண்டின் துண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

ஏப்ரல் கடைசி நாளன்று ஹெட்டி ஒரு விதைகூடப் போடாமல், ஆயத்தமான அந்த மண்ணை ஒரு தரம் பார்த்துவிட்டு வேலிக் கதவைப் பூட்டினார். கண் கலங்கவில்லை. சாவியை ரேமண்டின் கையில் வைத்தார்.

"புதுசா ஒரு சின்ன ஜோடி வருதாம். ஒரு பிடி உருட்டி எறிஞ்சு பாக்கச் சொல்லு. ஒட்டுச்சுன்னா வீட்டுக்குப் போகட்டும், எவன் கத்தினாலும் சரி. கொட்டகைக் கதவ மட்டும் கழுவிட வேணாம்னு சொல்லு, ரேமண்ட்."