பெரேயாவுக்கு எதிரில்

மயில்சாமி பார்க்கும் வேலையைச் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. மருந்துக் கம்பெனியில் சோதனைத் தகவல்கள் அட்டவணைகளாக வரும். ஒவ்வொரு பத்தியின் தலையிலும் எட்டெழுத்துக்குள் ஒரு சுருக்கப் பெயர். அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுவார். பத்தொன்பது வருடங்களாக இதுதான். லேபிள் இல்லாத பெயரைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும்.

நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் குடியிருப்பைக் கட்டிய மனிதருக்குப் பழைய கிரேக்க வரைபடத்தின் மேல் ஏதோ மோகம் இருந்திருக்க வேண்டும். குளத்துக்கு இந்தப் பக்கம் நான்கு கட்டடங்கள்: அட்டிகா, அர்கேடியா, அயோனியா, லாகோனியா. குளத்தின் அந்தப் பக்கம், மேப்பிள் மரங்களுக்கு நடுவே தனியாக ஒன்று: பெரேயா. மயில்சாமியும் அவர் மனைவி தாமரைச்செல்வியும் பதினான்கு வருடங்களாக அங்கே இருக்கிறார்கள். நான் அட்டிகாவில் மூன்றாம் மாடி. காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷன் வரை அவர் காரில்தான் போவேன்.

குடிவந்த வாரத்தில் பீட்சா கொண்டுவந்தவர் பெயர்ப்பலகையைக் காட்டி அர்த்தம் கேட்டாராம். தெரியவில்லை. அந்த அவமானத்தில் மறுநாளே லைப்ரரிக்குப் போய்விட்டார் மயில்சாமி.

"அது ஒரு ஊரோட பேரே இல்லீங்க தம்பி," என்றார் ஒருநாள் காரில். "எதிர்ப்பக்கத்து நெலம்னு அர்த்தம். ரோட்ஸ்னு ஒரு தீவு. கடலுக்கு அந்தாண்ட கரையில கொஞ்சம் நெலம் அவங்களுக்குச் சொந்தம். அதைப் பெரேயான்னாங்க. சாமோஸ் தீவுக்காரங்களுக்கு வேற பெரேயா. தாசோஸ்காரங்களுக்கு இன்னொண்ணு."

"நாம அக்கரைன்னு சொல்ற மாதிரியா அங்கிள்?"

"அதேதான். ஆனா வெறும் அக்கரை இல்ல. நம்மளுது. தள்ளிக் கெடந்தாலும் நம்ம காடு."

எங்கள் நான்கு கட்டடங்களில் அப்படி யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. நவராத்திரியில் அட்டிகா, அர்கேடியா பெண்கள் ஒரே மாலையில் ஐந்து வீட்டுக் கொலு பார்த்துவிடுவார்கள். பெரேயா மட்டும் பட்டியலில் வராது. குளத்தைச் சுற்றிப் போக ஆறு நிமிடம். வழியெல்லாம் கனடா வாத்துகளின் எச்சம்.

"பட்டுப்புடவையக் கட்டிக்கிட்டு அதுல எப்படி ஆண்டி வர்றது?" என்பாள் அர்கேடியாவின் விஷாகா. எங்கள் வாட்ஸப் குழுவுக்கு அவள்தான் அட்மின்.

போன செப்டம்பரில், புதிதாக வந்த நிர்வாகம் ஒவ்வொரு கதவிலும் ஒரு தாள் ஒட்டியது. இந்தப் பெயர்கள் டெலிவரிக்காரர்களைக் குழப்புகின்றன. நவம்பர் முதல் நான்கு கட்டடங்களும் ஏ, பி, சி, டி. பெரேயா, 'அனெக்ஸ்'. ஆட்சேபம் இருந்தால் அக்டோபர் பதினைந்துக்குள் நாற்பது வீட்டுக்காரர்களின் கையெழுத்து வேண்டும்.

"அனெக்ஸ்னா என்னங்க?" என்று கேட்டார் தாமரைச்செல்வி.

"பெரிய வீட்டோட ஒட்டி எறக்குன கொட்டாய்."

"அப்ப பதினாலு வருசமாக் கொட்டாயிலதான் குடியிருக்கறோமா? அமெரிக்கா மாப்பிள்ளைன்னு எங்கப்பன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரே!"

அவர் சிரித்தார். மயில்சாமி சிரிக்கவில்லை. அன்றிரவே ஒரு பக்கத்தில் மனு எழுதினார். இரண்டு வார இறுதிகள் கதவு கதவாகத் தட்டினார். ஆறு கையெழுத்து கிடைத்தது. அதில் ஒன்று அவருடையது, ஒன்று பாதித் தூக்கத்தில் ஒரு சீனத் தாத்தா போட்டது.

"விடுங்க அங்கிள்," என்றாள் விஷாகா. "ஏ, பி, சி, டி-ன்னா ஈசிதானே? என் பேக்கேஜ் எல்லாம் லாகோனியாவுக்குப் போயிடுது."

"பேரைக் கேட்டா ஏதாச்சும் சொல்லும்மா. 'பி'யைக் கேட்டா என்ன சொல்லும்?"

"சீக்கிரம் டெலிவர் ஆகும்னு சொல்லும்."

தாமரைச்செல்வியின் பிறந்த வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் இல்லை. நியூ ஜெர்சிக்கு வந்த பிறகு, எடிசன் கடையில் பொம்மைகளைப் பார்த்து ஆசைப்பட்டுத் தொடங்கியது. படிகளை விட, கீழே தரையில் அமைக்கும் பார்க்கில்தான் அவருக்கு உற்சாகம். கடுகு முளைக்கவிட்டுப் புல்தரை, கண்ணாடியைப் படுக்கவைத்துக் குளம். இந்த முறை ஒரு வாரம் மயில்சாமியும் தரையில் மண்டியிட்டு அட்டை வெட்டினார்.

நவராத்திரியின் முதல் சனிக்கிழமை வாட்ஸப்பில் தாமரைச்செல்வியின் செய்தி வந்தது: "எங்க கொலுப் பார்க்கில் நம்ம அபார்ட்மெண்ட் மொத்தமும் இருக்கு. உங்க பால்கனியைக் கண்டுபிடிங்க. சுண்டலோடு பருப்புப் போளியும் உண்டு."

சொந்த பால்கனியைப் பொம்மையாகப் பார்க்கும் ஆசையை யாரால் அடக்க முடியும்? வந்தார்கள். வரிசையாக, குளத்தைச் சுற்றி, குழந்தைகளை இழுத்துக்கொண்டு. விஷாகா மாம்பழ நிறப் பட்டுக்குக் கீழே ஓட்டப்பந்தய ஷூ போட்டிருந்தாள். போளி மணம் என்னையும் அட்டிகாவிலிருந்து இழுத்து வந்திருந்தது.

பார்க்கில் கண்ணாடிக் குளத்துக்கு இந்தப் பக்கம், நாங்கள் நின்ற பக்கம், ஒற்றை அட்டைக் கட்டடம். அதற்குப் பெயரே இல்லை. அந்தப் பக்கம் நான்கு. நான்கின் நெற்றியிலும் மயில்சாமியின் சீரான கையெழுத்தில் ஒரே லேபிள்: பெரேயா.

விஷாகா குனிந்து பார்த்தாள். "அங்கிள், தப்பா ஒட்டிட்டீங்க. இது எங்க சைடு."

"நீ எங்க நிக்கற கண்ணு?"

"உங்க வீட்ல."

"அப்ப இங்கிருந்து பாரு."

பால்கனிக் கதவைத் திறந்துவிட்டார். மாலை வெயிலில் நிஜக் குளம். அதற்கு அப்பால் நான்கு கட்டடங்களும் தீப்பெட்டிகள்போல. ஒரு பால்கனியில் பச்சைத் துண்டு ஆடிக்கொண்டிருந்தது.

"அது என் துண்டு!" என்றாள் விஷாகா. "என் வீடு இவ்ளோ தூரத்துலயா இருக்கு?"

"ஆறு நிமிசம்தான்," என்றார் தாமரைச்செல்வி. "பதினாலு வருசமா அதே வாத்து எச்சத்தைத் தாண்டித்தான் நான் உங்க வீட்டுக் கொலுவுக்கு வாரேன். ஷூ கூடப் போடாம."

அறை முழுக்கச் சிரித்தது. விஷாகாதான் சத்தமாக. குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் மனு இருந்தது. வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டவர்கள் எல்லாரும் மறு கையால் கையெழுத்துப் போட்டார்கள். ஐம்பத்தொன்று சேர்ந்தது. யாரும் படித்துப் பார்க்கவில்லை. நானும்தான்.

நவம்பரில் பதில் ஒட்டப்பட்டது. கோரிக்கை முழுமையாக ஏற்கப்பட்டது. பெரேயா பெரேயாவாகவே இருக்கும். மற்றவை ஏ, பி, சி, டி.

விஷாகா பார்க்கிங்கில் அவரை மறித்தாள். "அங்கிள்! எங்க அர்கேடியா எங்க?"

மயில்சாமிக்கே முகம் விழுந்துவிட்டது. "மனுவுல பெரேயான்னு மட்டும்தானே எழுதியிருந்தேன்... எனக்குத் தோணவே இல்லியேம்மா."

"ஐம்பத்தொரு பேர் சைன் பண்ணினோமே!"

"நீங்க படிக்கலியா?"

"கையில சுண்டல் இருந்துது அங்கிள்!"

இரண்டாம் மனு இப்போது அவர் காரின் டாஷ்போர்டில் இருக்கிறது. இம்முறை நான்கு பெயர், நான்குக்கும் பொருள், விஷாகாவின் கையெழுத்து முதலில். அது போய்ச் சேரும்வரை நான் 'ஏ'யில் குடியிருக்கிறேன்.

நேற்றுக் காலை கார் கிளம்பும்போது, குளக்கரையில் விஷாகா போனில் கத்திக்கொண்டிருந்தாள். 'பி' பிளாக் எங்கே என்று தெரியாமல் டெலிவரிக்காரர் எங்கோ சுற்றிக்கொண்டிருந்தார் போலும். பாவம், அவளும் எப்படித்தான் சொல்வாள்?

"பெரேயா போர்டு தெரியுதா? தெரியுதில்ல? அதுக்கு நேர் எதிர்ப்பக்கம்!" என்று ஆங்கிலத்தில் விளக்கினாள்.

மயில்சாமி கண்ணாடியை இறக்கி அதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். அன்று எங்களுக்கு ரயில் தப்பியது.